ஒரு செமஸ்டர் வெளிநாட்டில்: பயணத்தைத் திட்டமிடுவது, டிக்கெட் எடுப்பது

முழுப் பட்டப்படிப்புக்குப் போகிறவரைவிட, ஒரே ஒரு செமஸ்டருக்குப் போகிறவருக்குத்தான் பயணத் திட்டம் இறுக்கமானது. நான்கைந்து மாதத்துக்குள் போகவும் வேண்டும், திரும்பவும் வேண்டும். இரண்டு முனையிலும் விசா, விடுதி, தேர்வு என்று தேதிகள் நெருக்கிக்கொண்டு நிற்கும். ஒரு வாரம் தவறினால் ஈடுகட்டப் பின்னால் நாள் இருக்காது. ஆகவே டிக்கெட் விலை பார்க்கும் தளத்தைத் திறப்பதற்கு முன் ஒரு தாளை எடுத்துத் தேதிகளை எழுதுங்கள்.

தேதித் தாள்

பல்கலைக்கழகம் அனுப்பும் கடிதத்தில் ‘செமஸ்டர் தொடக்கம்’ என்று ஒரு நாள் இருக்கும். அதை மட்டும் நம்பி டிக்கெட் எடுக்கக் கூடாது. ஜெர்மனியின் பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் குளிர்காலச் செமஸ்டர் அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை என்பது நிர்வாகக் கணக்கு. வகுப்புகள் அக்டோபர் நடுவில் தொடங்கிப் பிப்ரவரியிலேயே முடிந்துவிடும். தேர்வுகள் அதற்குப் பிறகும் நீளலாம். ஆஸ்திரேலியாவில் முதல் செமஸ்டர் பிப்ரவரி இறுதியிலோ மார்ச்சிலோ தொடங்கும். ஜப்பானில் கல்வியாண்டே ஏப்ரலில்தான் பிறக்கிறது. இங்கே படிக்கும் கல்லூரியில் தேர்வு முடிவதற்குள் அங்கே வகுப்பு தொடங்கிவிடுமா என்பதையும் இந்தத் தாளிலேயே பார்த்துவிடுங்கள். மோதினால், தீர்த்துக்கொள்ள இரண்டு பல்கலைக்கழகங்களிடமும் எழுதிக் கேட்கவேண்டும். அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம்.

தாளில் இருக்க வேண்டியவை: விசா எந்த நாளிலிருந்து உள்ளே நுழைய அனுமதிக்கிறது, அறைச் சாவி எந்த நாளிலிருந்து கிடைக்கும், புதிய மாணவர்களுக்கான அறிமுக வாரம் எப்போது, முதல் வகுப்பு எப்போது, கடைசித் தேர்வு எப்போது, அறையைக் காலி செய்ய வேண்டிய நாள், விசா முடியும் நாள். கடைசித் தேர்வின் தேதி பெரும்பாலும் உடனே தெரியாது. அந்த இடத்தில் பல்கலைக்கழக நாட்காட்டியிலுள்ள தேர்வுக் காலத்தின் கடைசி நாளைப் போட்டுக்கொள்ளுங்கள்.

இவற்றில் பலரும் கவனிக்காமல் விடுவது நுழைவுத் தேதியைத்தான். பிரிட்டனின் மாணவர் விசாவில், படிப்பு 6 மாதமோ அதற்குக் குறைவாகவோ இருந்தால் வகுப்பு தொடங்குவதற்கு ஒரு வாரத்துக்கு முன்புதான் நுழைய முடியும்; அதைவிட நீண்ட படிப்பு என்றால் ஒரு மாதம். ஒரு செமஸ்டர் போகிறவர் அநேகமாக முதல் வகையில் வருவார். முழு ஆண்டு போகும் நண்பர் மூன்று வாரம் முன்னாடியே போகிறார் என்று பார்த்து அதே விமானத்தில் இடம் போட்டால் சிக்கல்தான். அமெரிக்காவில் எஃப்-1 (மாணவர்), ஜே-1 (பரிமாற்றத் திட்டம்) விசாக்காரர்கள் படிப்புத் தொடங்கும் நாளுக்கு 30 நாள் முன்புவரை நுழையலாம். அந்தத் தொடக்க நாள், விசாவுக்காக உங்களுக்குத் தரப்படும் ஐ-20 (எஃப்-1) அல்லது டி.எஸ்-2019 (ஜே-1) படிவத்தில் அச்சாகியிருக்கும். அதையே கணக்கில் எடுங்கள்.

இப்போது தாளைப் பார்த்தாலே வந்திறங்கும் நாள் தானாக விழும். அறிமுக வாரத்துக்கு இரண்டு முதல் நான்கு நாள் முன், வேலை நாளில், பகலில் இறங்குவது நல்லது. வேலை நாள் என்று சொல்லக் காரணம் இருக்கிறது. விடுதிச் சாவி கொடுக்கும் அலுவலகம் பல இடங்களில் திங்கள் முதல் வெள்ளி வரை, மதியத்துக்குள் மட்டும் இயங்கும். வெள்ளி இரவு இறங்கினால் திங்கள் காலைவரை மூன்று இரவு வெளியே தங்கவேண்டும். விமானத்தில் மிச்சம் பிடித்தது அதிலேயே போய்விடும். வாடகை ஒப்பந்தம் மாதத்தின் முதல் தேதியில்தான் தொடங்கும் என்ற ஊர்களில், முதல் தேதி ஞாயிறாக இருந்தால் சாவி யார் தருவார் என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலை அச்சடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பாஸ்போர்ட், விசா, அப்புறம்தான் டிக்கெட்

பாஸ்போர்ட்டில் காலாவதித் தேதியைப் பாருங்கள். பல நாடுகள் 6 மாதம் மீதம் இருக்க வேண்டும் என்று கேட்கின்றன. ஷெங்கன் பகுதிக்கு (ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டம்) குறுகிய கால விசாவில் போகிறவர்களின் பாஸ்போர்ட் கடந்த 10 ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாகவும், வெளியேறும் நாளுக்குப் பின் குறைந்தது 3 மாதம் செல்லுபடியாவதாகவும் இருக்க வேண்டும். வெற்றுப் பக்கம் குறைந்தது இரண்டு வேண்டும். புதுப்பிக்க வேண்டியிருந்தால் விசா விண்ணப்பத்துக்கு முன்பே புதுப்பியுங்கள். விசா பழைய பாஸ்போர்ட்டில், நீங்கள் புதிய பாஸ்போர்ட்டோடு என்ற நிலை பயணத்தன்று தேவையில்லாத கேள்விகளைக் கிளப்பும்.

விசாவுக்கு நேர்காணல் தேதி கிடைப்பதற்கே வாரங்கள் ஆகும். முடிவு வர மேலும் வாரங்கள். கல்வியாண்டு தொடங்கும் நேரத்தில் எல்லோரும் ஒரே வரிசையில் நிற்பதால் இன்னும் தாமதமாகும். பல்கலைக்கழகத்தின் சேர்க்கைக் கடிதம் கைக்கு வந்த அன்றே நேர்காணல் தேதி தேடத் தொடங்குங்கள்.

விசா விண்ணப்பத்தோடு பயண விவரம் கேட்பார்கள். இதைப் பார்த்துப் பயந்துபோய், பணம் திரும்ப வராத டிக்கெட்டை வாங்கி இணைப்பவர்கள் ஏராளம். கேட்பது பெரும்பாலும் முன்பதிவு விவரம்தான்; முடிவு வரும்வரை டிக்கெட் வாங்க வேண்டாம் என்று பல தூதரகங்களே எழுதி வைத்திருக்கின்றன. விமான நிறுவனங்கள் சில, சிறு கட்டணத்துக்கு இடத்தை இரண்டு மூன்று நாள் நிறுத்தி வைக்கும். முழுப் பணமும் திரும்பக் கிடைக்கும் டிக்கெட்டை எடுத்துக் கொடுப்பது இன்னொரு வழி. யாரோ தயாரித்துக் கொடுக்கும் போலிப் பயணச்சீட்டை மட்டும் தொடாதீர்கள். தூதரகம் சரிபார்த்து அது பொய் என்று தெரிந்தால், மறுப்பு உங்கள் பெயரில் பதிவாகும். அடுத்த விண்ணப்பங்களிலும் அது கூடவே வரும்.

விசா வந்ததும் அதை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். பெயர், பாஸ்போர்ட் எண், தொடங்கும் நாள், முடியும் நாள், எத்தனை முறை நுழையலாம் என்ற கட்டம். ஒரே முறை என்று போட்டிருந்தால், இடையில் பக்கத்து நாட்டுக்குப் போய்த் திரும்பும்போது உள்ளே விடமாட்டார்கள். பிழை இருந்தால் அன்றே எழுதிக் கேளுங்கள். புறப்படும் வாரத்தில் யாரும் திருத்தித் தரமாட்டார்கள்.

வழித்தடம்: விலையைவிட இதுதான் முக்கியம்

தேடும் தளத்தில் மிக மலிவாக மேலே வந்து நிற்கும் வழியை அவசரப்பட்டு எடுக்காதீர்கள். முதலில் ஒன்றைப் பாருங்கள்: முழுப் பயணமும் ஒரே புக்கிங்கில் இருக்கிறதா, அல்லது தனித்தனி டிக்கெட்டுகளை அந்தத் தளம் ஒட்டிக் காட்டுகிறதா?

ஒரே புக்கிங் என்றால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டாலும் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடும் பொறுப்பு நிறுவனத்துடையது. பெட்டியும் பெரும்பாலும் கடைசி ஊர்வரை போய்விடும். தனித்தனி டிக்கெட் என்றால் இரண்டாவது நிறுவனத்தின் கணக்கில் நீங்கள் வராத பயணி, அவ்வளவுதான். அந்த டிக்கெட் போய்விட்டது. அங்கேயே நின்று அன்றைய விலைக்குப் புதிதாக வாங்க வேண்டும். அதோடு, இடையில் பெட்டியை எடுத்து மறுபடி கொடுக்க நீங்கள் இமிகிரேஷனைத் தாண்டி வெளியே வரவேண்டும். அந்த நாட்டு விசா இல்லாவிட்டால் வெளியே வரவே முடியாது. ‘செல்ஃப் டிரான்ஸ்ஃபர்’ என்றோ ‘இடையில் பெட்டியை நீங்களே மாற்ற வேண்டும்’ என்றோ சிறிய எழுத்தில் இருந்தால் அது தனித்தனி டிக்கெட். இரண்டு பெட்டியோடு முதல்முறை வெளிநாடு போகும் மாணவருக்கு இது ஒத்துவராது. எவ்வளவு மலிவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

அடுத்து, இடையில் இறங்கும் நாட்டின் டிரான்ஸிட் விதி. விமானத்திலிருந்து விமானத்துக்குத்தானே மாறுகிறோம், விசா எதற்கு என்று பலரும் நினைக்கிறார்கள். அமெரிக்காவில் சர்வதேசப் பயணிக்கு வெளியே வராமல் விமானம் மாறும் வசதியே கிடையாது. எல்லோரும் இமிகிரேஷனைத் தாண்டியாக வேண்டும். அதற்கான விசாவோ எஸ்டா அனுமதியோ (விசா விலக்குள்ள நாட்டினர் இணையத்தில் பெறுவது) வேண்டும். கனடாவும் விசா தேவைப்படும் நாட்டினரிடம் டிரான்ஸிட் விசா கேட்கிறது. ஷெங்கன் நாடுகளில் ஒரு நுணுக்கம் உண்டு: ஒரே ஒரு ஷெங்கன் விமான நிலையத்தில் மாறினால் சர்வதேசப் பகுதிக்குள்ளேயே இருக்கலாம் (சில நாட்டினருக்கு அதற்கும் விமானநிலைய டிரான்ஸிட் விசா வேண்டும்). ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்கி மாட்ரிட் போய், அங்கிருந்து தென் அமெரிக்கா என்றால், ஃபிராங்க்ஃபர்ட்டிலேயே நீங்கள் ஷெங்கனுக்குள் நுழைந்துவிடுகிறீர்கள். அதற்கு டிரான்ஸிட் விசா போதாது.

விமான நிலைய கவுன்டரில் உட்கார்ந்திருப்பவர் இதையெல்லாம் நினைவிலிருந்து சொல்வதில்லை. சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐயாட்டா நடத்தும் டைமாட்டிக் என்ற தரவுத்தளத்தில் உங்கள் நாடு, இடையில் மாறும் ஊர், சேரும் ஊர் எல்லாவற்றையும் போட்டுப் பார்ப்பார். சரியில்லை என்று வந்தால் போர்டிங் பாஸ் கிடைக்காது. தகுந்த ஆவணம் இல்லாதவரை ஏற்றிச்சென்றால் நிறுவனத்துக்கு அபராதம் என்பதால், கெஞ்சிப் பயனில்லை. அதே தரவுகளைப் பல விமான நிறுவனங்கள் தங்கள் தளத்தில் ‘பயண ஆவணத் தேவைகள்’ பகுதியில் காட்டுகின்றன. டிக்கெட் எடுக்கும் முன் அங்கே போட்டுப் பார்த்துவிடுங்கள்.

மூன்றாவது, இடைவெளி நேரம். தளங்கள் விற்கும் குறைந்தபட்ச இடைவெளி, எல்லாம் சரியாக நடந்தால் போதும் என்ற கணக்கில் போடப்பட்டது. முதல்முறை போகிறவர் இரண்டரை முதல் நான்கு மணி நேரம் வைத்துக்கொள்ளலாம். அமெரிக்காவுக்குள் விமானம் மாறினால் பெட்டியையும் முதல் ஊரிலேயே எடுத்து, சுங்கம் தாண்டி, மறுபடி ஒப்படைக்க வேண்டியிருக்கும்; மூன்று மணிக்குக் குறையாமல் வையுங்கள். ஒரே நகரத்துக்குள் விமான நிலையம் மாறுகிறதா என்றும் பாருங்கள். லண்டனில் ஹீத்ரோவில் இறங்கி கேட்விக்கில் ஏறுவது, டோக்கியோவில் நரிட்டாவில் இறங்கி ஹனேடாவில் ஏறுவது போன்ற வழிகள் தேடலில் சாதாரணமாக வரும். நகரத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் பெட்டிகளை இழுத்துக்கொண்டு போகவேண்டும்.

சேரும் விமான நிலையமே விதியோடு சம்பந்தப்படுவதும் உண்டு. ஜப்பானில் நரிட்டா, ஹனேடா, சூபு, கன்சாய் போன்ற பெரிய விமான நிலையங்களில் இறங்கினால் வசிப்பு அட்டையை (நீண்டகாலம் தங்கும் வெளிநாட்டவரின் அடையாள அட்டை) அங்கேயே கையில் கொடுத்துவிடுவார்கள். சிறிய நிலையம் வழியாக நுழைந்தால் அது பிறகுதான் முகவரிக்கு வரும்.

ஊர்ப் பெயரிலும் கண் வையுங்கள். கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் ஒரு சிட்னி இருக்கிறது. ஆன்டாரியோவில் ஒரு லண்டன் இருக்கிறது. பெயரை மட்டும் பார்க்காமல் விமான நிலையத்தின் மூன்றெழுத்துக் குறியீட்டையும் பல்கலைக்கழகம் சொன்னதோடு ஒப்பிடுங்கள்.

டிக்கெட் எடுக்கும் நாள்

நீண்டதூர வழிகளில் பழைய பாணி (மலிவு ரகம் அல்லாத) விமான நிறுவனங்களிடம் ஒருவழி டிக்கெட் பெரும்பாலும் போகவர டிக்கெட்டின் பாதி விலையாக இருக்காது. சில சமயம் போகவர டிக்கெட்டையே தாண்டிவிடும். ஒரு செமஸ்டர் போகிறவருக்குத் திரும்பும் மாதம் தெரிந்திருப்பதால், தேதி மாற்றிக்கொள்ளும் வசதியுள்ள போகவர டிக்கெட்தான் பொதுவாகப் பொருத்தம். இமிகிரேஷனில் திரும்பும் டிக்கெட் கேட்டாலும் காட்டலாம். நிறுவனங்கள் சுமார் 11 மாதம் முன்பிலிருந்துதான் இடங்களைத் திறப்பதால், ஒரு செமஸ்டருக்கு இரண்டு தேதியும் பெரும்பாலும் கிடைத்துவிடும்.

‘மாற்றக் கட்டணம் இல்லை’ என்ற வரியைப் பார்த்துத் தேதி மாற்றுவது இலவசம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கட்டணம் இல்லாவிட்டாலும், புதிய நாளில் அதே கட்டண வகுப்பில் மலிவு இடம் தீர்ந்திருந்தால் விலை வித்தியாசத்தைக் கட்ட வேண்டும். விடுமுறைக் காலத்துக்குள் மாற்றினால் அந்த வித்தியாசம் பெரிதாக இருக்கும். கட்டண விதிகளில் நான்கு கேள்விகளுக்குப் பதில் தேடுங்கள்: மாற்ற முடியுமா, எவ்வளவு பிடிப்பார்கள், ரத்து செய்தால் என்ன திரும்பும், வராமல் இருந்தால் என்ன ஆகும். கடைசிக் கேள்வியின் பதில் அநேகமாக எல்லா நிறுவனத்திலும் ஒன்றுதான். முதல் விமானத்தில் ஏறாவிட்டால், அதே புக்கிங்கில் மிச்சமுள்ள எல்லாப் பயணமும், திரும்பும் டிக்கெட் உட்பட, தானாகவே ரத்தாகும்.

மாணவர் கட்டணம் என்று தனியாக வைத்திருக்கும் நிறுவனங்கள் உண்டு. விலையில் பெரிய குறைவு இல்லாவிட்டாலும், கூடுதலாக ஒரு பெட்டியோ ஒருமுறை இலவசத் தேதி மாற்றமோ கிடைக்கலாம். ஒரு செமஸ்டர்காரருக்கு அந்த இரண்டும் விலைக் குறைப்பைவிடப் பெரிய உதவி.

எங்கே வாங்குவது? வித்தியாசம் சிறிதென்றால் விமான நிறுவனத்தின் தளத்திலேயே வாங்குங்கள். முகவர் தளத்தில் வாங்கிய டிக்கெட்டில் நேரம் மாறினால், நிறுவனம் முகவரைக் கேள் என்று சொல்லும், முகவர் நிறுவனத்தைக் கேள் என்பார். தேதி மாற்றத்துக்கும் இரண்டு பக்கமும் கட்டணம் பிடிக்கலாம். அமெரிக்காவுக்கோ அங்கிருந்தோ போகும் விமானங்களில், புறப்பாட்டுக்கு 7 நாளோ அதற்கு மேலோ இருக்கும்போது நிறுவனத்திடம் நேரடியாக வாங்கிய டிக்கெட்டை, பணம் கட்டிவிட்டு 24 மணி நேரத்துக்குள் முழுப் பணத்தோடு ரத்து செய்ய அல்லது பணம் கட்டாமலே 24 மணி நேரம் நிறுத்திவைக்க அந்நாட்டு விதி இடம் தருகிறது.

பெயர் போடும் இடத்தில் நிதானம் வேண்டும். பாஸ்போர்ட்டின் புகைப்படப் பக்கத்தில், அடியில் அம்புக்குறி போன்ற குறிகள் நிறைந்த இரண்டு வரிகளைப் பாருங்கள். மேல் வரியில், நாட்டின் மூன்றெழுத்துக் குறிக்குப் பிறகு முதலில் வருவது குடும்பப்பெயர். அடுத்தடுத்து இரண்டு குறிகள் வரும் இடத்தில் அது முடிந்து இயற்பெயர் தொடங்குகிறது. ஒற்றைக் குறி என்பது சொற்களுக்கு நடுவிலுள்ள இடைவெளி. டிக்கெட்டில் இதே வரிசையில், இதே எழுத்துகளில் பெயர் இருக்க வேண்டும். ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்கு ஒவ்வொரு நிறுவனமும் ஒரு முறை வைத்திருக்கிறது. சில இரண்டு கட்டத்திலும் அதே பெயரைப் போடச் சொல்லும். அமெரிக்க விசாவில் இயற்பெயர் இடத்தில் எஃப்.என்.யு (இயற்பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று அச்சாகியிருக்கும். வாங்கும் முன் நிறுவனத்திடம் எழுதிக் கேளுங்கள். பாஸ்போர்ட்டில் இல்லாத ஒரு பெயரை நீங்களாகக் குடும்பப்பெயர் ஆக்கிவிடாதீர்கள். போர்டிங் பாஸில் பெயரின் வாலில் ‘மிஸ்டர்’, ‘மிஸ்’ என்பவற்றின் சுருக்கம் ஒட்டிக்கொண்டு வந்தால் அது கணினியின் வழக்கம். கவலைப்பட வேண்டாம்.

தேதியில் தடுக்கி விழுவது இரண்டு இடங்களில். 04/09 என்பது ஒரு தளத்தில் செப்டம்பர் 4, இன்னொன்றில் ஏப்ரல் 9. மாதத்தை எழுத்தில் காட்டும் பக்கம்வரை போய்ப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். நள்ளிரவு விமானம் இன்னொன்று. செப்டம்பர் 5, 00:20 மணி என்றால் செப்டம்பர் 4 இரவே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். ஒரு நாள் கழித்து வந்து நிற்பவர்கள் எப்போதும் இருக்கிறார்கள். சேரும் நேரத்துக்குப் பக்கத்தில் ‘+1’ என்று இருந்தால் மறுநாள்; விடுதிக்கும் வண்டிக்கும் சொல்ல வேண்டியது அந்த மறுநாளைத்தான்.

பணம் கட்டியபின் வரும் மின்னஞ்சலில் ஆறு எழுத்து, எண் கலந்த பி.என்.ஆர் இருக்கும். அது இடம் ஒதுக்கிய குறி மட்டுமே. டிக்கெட் வழங்கப்பட்டதற்கு அடையாளம் 13 இலக்க டிக்கெட் எண். அதன் முதல் மூன்று இலக்கம் நிறுவனத்தின் குறியீடு. 24 மணி நேரமாகியும் அந்த எண் வரவில்லை என்றால் விற்றவரை உடனே பிடியுங்கள். முகவர் தந்த பி.என்.ஆர் நிறுவனத்தின் தளத்தில் வேலை செய்யாவிட்டால், நிறுவனத்தின் பி.என்.ஆர் எது என்று கேட்டு வாங்குங்கள். இரண்டும் வேறாக இருக்கலாம். அதன் பிறகு வாரத்துக்கு ஒருமுறை நிறுவனத்தின் தளத்தில் புக்கிங்கைத் திறந்து பாருங்கள். மாதங்கள் முன்னால் எடுத்த டிக்கெட்டில் நேர மாற்றம் சகஜம். அதனால் இடைவெளி குறைந்து போனால், வேறு விமானம் கேட்க உங்களுக்கு வழியுண்டு.

பெட்டி

நிறுவனங்கள் எடைக் கணக்கிலோ பெட்டிக் கணக்கிலோ அனுமதிக்கின்றன. பெட்டிக் கணக்கில் வழக்கமானது ஒன்று 23 கிலோ. நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 158 சென்டிமீட்டருக்குள். ஒரே பெட்டி 32 கிலோவைத் தாண்டினால், பணம் கட்டுகிறேன் என்றாலும் பொதுவாக வாங்கமாட்டார்கள். கூடுதல் பெட்டியை விமான நிலையத்தில் வாங்குவதைவிட முன்பே தளத்தில் வாங்குவது மலிவு. ஒரு செமஸ்டருக்கு ஒரு பெரிய பெட்டியும் ஒரு கைப்பெட்டியும் தாராளம். போர்வை, பாத்திரம் எல்லாம் அங்கேயே கிடைக்கும்.

பவர் பேங்க் கைப்பையில்தான் போகவேண்டும். ஒப்படைக்கும் பெட்டிக்குள் வைக்கக் கூடாது. 100 வாட்-மணி வரை அனுமதி. அதில் எழுதியிருக்கும் மில்லியாம்பியர்-மணியை 3.7-ஆல் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் வாட்-மணி கிடைக்கும். 20,000 என்று போட்டிருந்தால் 74. எண் அழிந்துபோன பழைய பவர் பேங்க் பாதுகாப்புச் சோதனையில் போய்விடும்.

மருந்துகளை அசல் உறையோடும், மருந்தின் பொதுப்பெயர் எழுதிய மருத்துவர் சீட்டோடும் கைப்பையில் வையுங்கள். ஒரு நாட்டில் சாதாரண சளி மருந்தாக விற்பது இன்னொரு நாட்டில் தடையாக இருக்கும். ஜப்பானில் சூடோஎஃபெட்ரின் அளவு மிகுந்த மாத்திரைகள் தடை. ஐக்கிய அரபு அமீரகத்தில் கோடீன் கலந்த மருந்துக்கு முன் அனுமதி வேண்டும். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போகிறவர்கள் உணவு, விதை, மரப் பொருள் எதை வைத்திருந்தாலும் அறிவிப்புப் படிவத்தில் எழுதிவிட வேண்டும். எழுதினால் அதிகபட்சம் எடுத்துக்கொள்வார்கள், மறைத்தால் அபராதம்.

பெட்டி வரவில்லை என்றால், அந்தக் கூடத்தைவிட்டு வெளியே வருவதற்கு முன்பே லக்கேஜ் கவுன்டரில் புகார் பதிந்து, எண்ணை வாங்குங்கள். 1999 மான்ட்ரியல் உடன்படிக்கையின்படி சேதத்துக்கு 7 நாளுக்குள், தாமதத்துக்குப் பெட்டி கைக்கு வந்த நாளிலிருந்து 21 நாளுக்குள் எழுத்தில் கேட்க வேண்டும். 21 நாளாகியும் வராத பெட்டியைத் தொலைந்ததாகக் கருதலாம். புகார் எண் இல்லாமல் வெளியே வந்துவிட்டால் அதற்குப் பிறகு கேட்பது கடினமாகிவிடும்.

காப்பீடு

பல்கலைக்கழகத்தின் மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் செமஸ்டர் தொடங்கும் நாளிலிருந்துதான். நீங்கள் புறப்படும் நாளிலிருந்து அதுவரையுள்ள இடைவெளியைப் பயணக் காப்பீடு நிரப்ப வேண்டும். விசா மறுக்கப்பட்டதால் ரத்தாகும் பயணத்துக்குப் பல பாலிசிகள் பணம் தராது என்பதையும் வாங்கும் முன் பாருங்கள்.

கடைசித் துண்டும் முதல் இரவும்

விமான நிலையத்திலிருந்து பல்கலைக்கழக ஊர்வரை உள்ள ரயில் அல்லது பேருந்தை மலிவு என்று குறிப்பிட்ட நேரத்துக்கு முன்பதிவு செய்தால், விமானம் தாமதமான அன்று அந்தச் சீட்டு வீண். எந்த வண்டியிலும் ஏறலாம் என்ற வகையை வாங்குங்கள், அல்லது இறங்கியபின் வாங்குங்கள். ஜெர்மனி போன்ற நாடுகளில் சில விமான நிறுவனங்கள் ரயிலையும் அதே புக்கிங்கில் சேர்த்து விற்கின்றன. அது நல்ல ஏற்பாடு. பல்கலைக்கழகம் வண்டி அனுப்புகிறது என்றால் எந்தெந்த நாள், எத்தனை மணிவரை என்று டிக்கெட் எடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று நாள் மட்டும்தான் அனுப்புவார்கள்.

கைப்பையில் காகிதமாக இருக்க வேண்டியவை: சேர்க்கைக் கடிதம், விசா தொடர்பான அசல் படிவங்கள், நிதிச் சான்று, காப்பீடு, அறை ஒப்பந்தம், உள்ளூர் மொழியிலும் எழுத்திலும் தங்குமிட முகவரி, பல்கலைக்கழகத்தின் அவசரத் தொலைபேசி எண். ஐ-20, டி.எஸ்-2019 போன்றவற்றை ஒப்படைக்கும் பெட்டிக்குள் வைத்துவிட்டு இமிகிரேஷன் வரிசையில் நிற்பவர்கள் உண்டு. பெட்டி கிடைப்பது அந்த வரிசைக்குப் பிறகுதான்.

வங்கி அட்டைக்கு ஓ.டி.பி எந்த எண்ணுக்கு வரும் என்று யோசித்துவிட்டுக் கிளம்புங்கள். சொந்த ஊர் சிம்மை ரோமிங்கில் உயிரோடு வைத்திருந்தால்தான் முதல் மாதம் பணம் கட்ட முடியும். அங்கே ஏ.டி.எம்மோ கடையோ ‘உங்கள் நாட்டு நாணயத்தில் கணக்கிடட்டுமா’ என்று கேட்டால் வேண்டாம் என்று உள்ளூர் நாணயத்தையே தேர்ந்தெடுங்கள். மற்றதில் மாற்று விகிதம் உங்களுக்குப் பாதகமாகவே இருக்கும்.

இறங்கிய பின் கெடு ஓடத் தொடங்கும். ஜெர்மனியில் குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிய வேண்டும்; ஜப்பானில் 14 நாள்; பிரான்சில் நீண்டகால மாணவர் விசாவை மூன்று மாதத்துக்குள் இணையத்தில் உறுதிசெய்ய வேண்டும். இந்தத் தேதிகளையும் அதே தாளில் சேருங்கள்.

நடுவில் ஊர் சுற்றல்

ஒரு ஷெங்கன் நாட்டின் நீண்டகால விசா இருந்தால் மற்ற ஷெங்கன் நாடுகளில் எந்த 180 நாளிலும் 90 நாள்வரை தங்கலாம். பிரிட்டனும் அயர்லாந்தும் அதற்குள் வராது. தனி அனுமதி வேண்டும். அமெரிக்காவில் படிக்கிறவர் வெளியே போய்த் திரும்ப, படிவத்தில் பல்கலைக்கழக அதிகாரியின் பயணக் கையொப்பம் இருக்க வேண்டும். விடுமுறைக்கு முந்தின நாள் அந்த அலுவலகத்தில் கூட்டம் நிற்கும்; இரண்டு வாரம் முன்பே வாங்கிவிடுங்கள்.

திரும்பும் பயணம்

பலர் திரும்பும் நாளைத் தேர்வுக் காலம் முடிந்த மறுநாளே வைத்துவிடுகிறார்கள். தேர்வு அட்டவணை செமஸ்டரின் பாதிக்கு மேல்தான் வரும். கடைசி நாள் மாலைத் தேர்வு வந்தாலும் தாங்கும்படி குறைந்தது மூன்று நாள் இடைவெளி வையுங்கள். மறுபக்கம் விசா நிற்கிறது. பிரிட்டனில் 6 மாதத்துக்குக் குறைவான படிப்புக்கு, படிப்பு முடிந்தபின் 7 நாள்தான் பொதுவாகக் கிடைக்கும். அமெரிக்க ஜே-1 விசாவில் 30 நாள். ஆனால் அந்த 30 நாளில் வெளிநாடு போய்விட்டு அதே விசாவில் திரும்ப நுழைய முடியாது.

அட்டவணை வந்த அன்றே தேதியை மாற்றுங்கள். ஒவ்வொரு வாரமும் மலிவு இடங்கள் குறைந்துகொண்டே போகும். அறை முன்பணம் நீங்கள் கிளம்பியபின்தான் திரும்பும் என்றால், அது எந்தக் கணக்குக்கு வரும் என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு, பணம் வந்து சேரும்வரை உள்ளூர் வங்கிக் கணக்கை மூடாதீர்கள். முகவரிப் பதிவை ரத்து செய்ய வேண்டிய நாடுகளில் அந்தச் சான்றை வாங்கி வையுங்கள். காப்பீடு, தொலைபேசி ஒப்பந்தங்களை நிறுத்த அதைத்தான் கேட்பார்கள்.

வேறு வழியில் திரும்ப முடிவு செய்து, எடுத்துவைத்த டிக்கெட்டைப் பயன்படுத்தப் போவதில்லை என்றால், விமானம் புறப்படும் முன்பே அதை ரத்து செய்யுங்கள். கட்டணம் திரும்பாத டிக்கெட்டிலும் விமான நிலைய வரிகளில் ஒரு பகுதியைப் பல நிறுவனங்கள் திருப்பித் தருகின்றன. புறப்பட்டபின் கேட்டால் பெரும்பாலும் அதுவும் கிடைக்காது.